சேட்டு வீட்டுக் கல்யாணத்துக்கு நான் கொண்டுபோன பாத்

எனக்கு உடன்பிறந்தவள் கிடையாது. அதை ஒரு குறையாக நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிறத்தியான் பவுண்டரியில் மண் குழைத்தவன், இன்றைக்குச் சொந்தப் பவுண்டரி வைத்திருக்கிறேன். என் பட்டறையில் வார்த்த பம்பு இறங்காத கிணறு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முன் வரிசை நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் காசு வைத்திருப்பவனுக்கு நாற்காலிதான். மேடை மாமனுக்கு. தாய்மாமன் சீர் கொண்டுவருகிறான் என்றால் மேளம் எழுந்து வாசலுக்குப் போகும். தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு ஆட்கள் பின்னால் வருவார்கள். கூடப் பிறந்தவள் ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்துப் போவாள். மற்ற நாளில் டீக்கடையில் கடன் சொல்கிற ஆள்கூட அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி நடப்பான். முன் நாற்காலியில் உட்கார்ந்து இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நான் சம்பாதிக்க முடியாத மரியாதை அது ஒன்றுதான். அதற்கு ஒரு பெண் கூடப் பிறந்திருக்க வேண்டும்.

அந்த இடத்தை எனக்குக் கொடுக்க ஒருத்தி வீடு தேடி வந்தாள். சேட்டு சம்சாரம்.

சேட்டு என் சிநேகிதர். ராஜஸ்தானில் சீகர் பக்கம் பூர்வீகம். அவர் அப்பா காலத்திலேயே கோயமுத்தூர் வந்து ஆர்.எஸ்.புரத்தில் வீடு வாங்கி, பம்பும் பைப்பும் விற்கிற கடை போட்ட குடும்பம். கண்ணை மூடிக்கொண்டு அவர் பேச்சைக் கேட்டால் அன்னூர்க்காரர் என்றுதான் சொல்வீர்கள். நான் புதிதாகத் தொழில் தொடங்கி, ஒருவரும் சீண்டாத காலத்தில் என் முதல் லோடை எடுத்து வடக்கே அனுப்பியவர் அவர்தான். நல்ல மனசு என்பதால் மட்டும் எடுத்தார் என்று சொல்ல மாட்டேன். என் சரக்கு அப்படி. தட்டினால் மணிச் சத்தம் வரும்.

அவர் சம்சாரம் புதுப்பெண்ணாக வந்தபோது தமிழில் வா, போ கூடத் தெரியாது. என் வீட்டுக்காரியோடு சேர்ந்து கறிகாய்க் கடைக்குப் போய்த்தான் பேசக் கற்றுக்கொண்டாள். அதனால் அந்த அம்மிணியின் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சு. ஆவணிப் பௌர்ணமிக்கு என் கையில் ராக்கி கட்டுவாள். நிறம் போய் நூலாகத் தொங்கும் வரைக்கும் நான் கழற்ற மாட்டேன். என் வீட்டுக்காரி காலமான பிறகும் அது நிற்கவில்லை. மகன் கனடாவில் இருக்கிறான், வாரம் ஒருமுறை போனில் முகம் காட்டுவான். எனக்கென்று உள்ளூரில் சொல்லிக்கொள்ள இருந்தது சேட்டு வீடு ஒன்றுதான்.

அவர்கள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. அழைக்கப் புருஷனும் பெண்டாட்டியுமாக என் வீட்டுக்கு வந்தார்கள். அம்மிணி கையில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டு நிறையப் பச்சரிசி, அதன் நடுவில் ஒரு பெரிய உருண்டை வெல்லம். என்னை நாற்காலியில் உட்காரவைத்து நெற்றியில் குங்குமம் இட்டு, அதன் மேல் நாலு அரிசியை ஒட்டினாள்.

"எனக்குப் பொறந்த ஊட்டுல இப்ப ஆருமே இல்லீங்ணா," என்றாள். அவளுடைய ஒரே அண்ணன் அதற்கு முந்தின மழைக்காலத்தில் தவறிப்போயிருந்தார். "பாத் நீங்கதான் கொண்டு வரோணும்."

"அட, இதெல்லாம் ஒரு பேச்சா அம்மிணி," என்றேன். "பாத் முழுக்க என் பொறுப்பு. நீ கவலைய உடு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேட்டுதான் அடுத்துப் பேசினார்.

"பெரிய பொறுப்புங்ணா. மனசு இருந்தாப் போதும். அளவெல்லாம் பாக்காதீங்க."

"அளவு பாக்கறவனாங்க நானு?"

பாத் என்றால் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். அவர்கள் வழக்கத்தில் கல்யாணப் பெண்ணின் தாய்க்கு அவள் அண்ணனோ தம்பியோ கொண்டுவருகிற சீர் அது. சிவப்புச் சேலை ஒன்றைச் சகோதரன் தன் கையால் அவள் தலை மேல் போர்த்த வேண்டும். வீட்டார் எல்லாருக்கும் துணிமணி எடுத்துத் தர வேண்டும். அரிசியும் வெல்லமும் வைத்து, வீட்டுக்கே போய் அழைத்தால், நீதான் எனக்குச் சகோதரன் என்று அர்த்தம். எங்கள் தாய்மாமன் சீரேதான், பேர்தான் வேறு.

அன்றைக்கு இது தெரியாது. நான் அறிந்த பாத் எல்லாம் தக்காளி பாத், பிசிபேளா பாத். தட்டில் அரிசி வேறு இருந்தது. கல்யாணச் சோற்றை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு எதற்கு அழுகை என்று ஒரு கணம் தோன்றியது. பாசம் என்று எடுத்துக்கொண்டேன். புரியாத சொல்லுக்குத் தலையாட்டிவிட்டு அப்புறம் சமாளிப்பது எனக்குப் பழக்கம். பேங்கு மேனேஜர் முன்னாலும் எக்ஸைஸ் ஆபீசர் முன்னாலும் அப்படியே சமாளித்து வந்தவன்தான். ஒரு தடவைகூடக் கவிழ்ந்ததில்லை.

மறு வாரமே தாராபுரம் போனேன். அமராவதிப் பாசனத்து நெல்லுக்கு ஒரு ருசி உண்டு. பழைய அரிசியாக, குருணை இல்லாமல், நானே மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்து எடுத்தேன். மில்லுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன மூட்டையா? ஊரையே கூப்பிட்டிருக்கீங்களா?"

"சேட்டு ஊட்டுக் கல்யாணமுங்க. பாத் நம்முளுது."

"அவிய சப்பாத்தி திங்கிறவியளாச்சுங்களே."

"நம்ம சோத்த ஒருக்கா தின்னு பாக்கட்டும். அப்பறம் சப்பாத்தியத் தொடுவாங்களான்னு பாருங்க."

அதோடு விடவில்லை. அன்னூரிலிருந்து ஒரு சமையல்காரரைப் பேசினேன். அவர் வடித்த சோற்றை வாழை இலையில் கொட்டினால் பருக்கை பருக்கையாக ஓடும். மண்டப மேனேஜர் எனக்குப் பழக்கம் என்பதால் பின்பக்க ஷெட்டை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். "சேட்டுகிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாங்களா?" என்றார். "இது குடும்ப விசயம், நீங்க போங்க," என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். பவுண்டரியில் எடை போடுகிறவரிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், கார் ஓட்டுகிற பையனிடம் தினமும் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மிணி போன் செய்தாள்.

"அண்ணா, பாத் எல்லாம் தயாருங்களா?"

"எப்பவோ தயாரு அம்மிணி. பாலு மாதிரி வெள்ள வெளேர்னு எடுத்து வெச்சிருக்கறேன்."



"வெள்ளைங்களா? சிவப்பு எடுக்கலீங்களா? எங்களுக்குச் சிவப்புத்தானுங்ணா மொறை."

வடக்கத்திக்காரர்கள் சிவப்பரிசி சாப்பிடுவார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் விடுவேனா.

"அதுக்கென்ன, மாப்பிள்ளச் சம்பாவே இருக்குது. எடுத்துப்போட்டாப் போச்சு."

"மாப்பிள்ளைக்கும் சேத்துங்களா? ஐயோ, எதுக்குங்ணா இத்தன செலவு," என்றாள்.

"நீ சும்மா இரு அம்மிணி," என்று போனை வைத்துவிட்டு, மாப்பிள்ளைச் சம்பா எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

கல்யாணத்தன்று காலையில் அவினாசி ரோட்டு மண்டபத்துக்கு அன்னூர்க்காரரோடு போய் இறங்கிவிட்டேன். அவர்கள் முகூர்த்தம் சாயங்காலத்துக்கு மேல். எங்கள் ஆட்கள் பந்தி முடித்து வீடு திரும்புகிற நேரத்துக்கு அவர்கள் பூக்காரரையே வரச்சொல்லியிருந்தார்கள். பெரிய சமையல்கட்டில் ஜோத்பூரிலிருந்து வந்த சமையல்காரர் நெய்யைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவரை மகராஜ் என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அவர் வந்து என் ஷெட்டை எட்டிப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். "சாவல்?" என்றார். அரிசி என்று எனக்கே தெரிந்தது. "பாத்," என்று திருத்தினேன். அவர் என்னவோ கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டுப் போனார்.

பட்டுக்கரை வேட்டியும் புதுச் சட்டையுமாகப் போயிருந்தேன். அடுப்பு அனலில் சட்டை நனைந்துவிடுமே என்று கழற்றி ஆணியில் மாட்டினேன். போன் அதன் பையில் இருந்தது. பனியனோடு நின்று உலை வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். மேளம் கிடையாது, ஒரு டோலக்குச் சத்தம் மட்டும். நல்ல பாட்டுத்தான். முடிகிற மாதிரி வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். திரும்பத் திரும்ப அதே பாட்டு.

"ஆரையோ கூப்படற மாதிரியே பாடறாங்களேங்க," என்றார் அன்னூர்க்காரர், கரண்டியை ஊன்றிக்கொண்டு.

"வடக்கத்திப் பாட்டு அப்படித்தானுங்க இருக்கும்," என்றேன்.

கண்ணாடி பதித்த பாவாடை கட்டிய ஒரு பெண் படியிறங்கி ஓடிவந்தாள். கல்யாணப் பெண்ணுக்குச் சித்தப்பா மகளோ என்னவோ. மூச்சு வாங்கியது.

"மாமாஜியப் பாத்தீங்களா?"

"மாமனுங்க எல்லாம் மேல இருப்பாங்க கண்ணு. இது சமையக்கட்டு."

என் பனியனைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு ஓடிப்போனாள்.

முதல் உலை கொதித்து அடங்குகிற நேரத்தில் சேட்டே வந்துவிட்டார். தலையில் ரோஸ் கலர் தலைப்பாகை. வேகமாக வந்தவர் ஷெட் வாசலில் நின்றுவிட்டார்.

"ஏனுங்ணா, இங்க நின்னுட்டு என்ன பண்றீங்க? போன் மேல போன் அடிக்கறேன்."

"பாத் ஆயிட்டே இருக்குதுங்க. இன்னொரு கொதி வந்தா வடிச்சுப்போடலாம்."

அவர் அண்டாவைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார்.

"இதுங்களா பாத்து?"

"இது வெள்ள. சிவப்புத் தனியா இருக்குது. அம்மிணி போன்ல சொல்லுச்சுங்க."

அவர் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பக்கத்து மூட்டை மேல் மெதுவாக உட்கார்ந்தார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்துன்னா சோறு இல்லீங்ணா," என்றார். தங்கைக்கு அண்ணன் கொண்டுவருகிற சீர், சிவப்புச் சேலை, தலையில் போர்த்துவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். "பலகை மேல தட்டோட நின்னுட்டு இருக்கறா. அண்ணன் வந்து போத்தி உட்டாத்தான் எறங்கோணும். அதுக்குத்தான் பாட்டு."

அன்னூர்க்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சட்டையை எடுத்து மாட்டினேன். பட்டன் சரியாக விழவில்லை. படியில் பாதி தூரம் ஏறிய பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. நின்றேன். கீழே இறங்கி ஒரு சேலை வாங்கிக்கொண்டு வரலாம் என்றால் பாட்டு இன்னும் எத்தனை நேரம் ஓடும் என்று யார் கண்டது. வெறுங்கையோடாவது போய் நிற்போம் என்று ஏறினேன். அந்தக் கணத்தில் பாட்டு நின்றது.

கூடத்து வாசலில் பெண்கள் சூழ்ந்து நின்றார்கள். முன்னால் நிற்பவர்களுக்கு வழி விடச் சொல்லி என் வாயில் இந்தி வரவில்லை. தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அம்மிணி பலகை மேல் நின்றிருந்தாள். தலை மேல் சிவப்புச் சேலை விழுந்திருந்தது. போர்த்தியவர் சென்னையிலிருந்து வந்திருந்த அவளுடைய பெரியப்பா மகன். காத்திருந்து பார்த்த கிழவிகள், நல்ல நேரம் போகிறது என்று கூட்டத்திலிருந்து அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். சேலை அம்மிணியின் பெட்டியிலிருந்தே எடுத்ததாம். அவர் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. விரலில் மிச்சமிருந்த குங்குமத்தைத் தட்டின் ஓரத்தில் துடைத்தாள்.

அப்புறம் சேட்டு எல்லாருக்கும் விஷயத்தைச் சொன்னார். என் மேல் யாரும் கோபப்படக் கூடாது என்றுதான் சொன்னார். இந்தியில் சொல்லச் சொல்ல ஒரே சிரிப்பு. மகராஜ் அடுப்பை விட்டு வந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். அம்மிணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மத்தியானத்துக்குள் எனக்குச் சாவல் மாமா என்று பேர் வைத்துவிட்டார்கள். இளவட்டங்கள் அண்டா பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கி ருசி பார்த்தார்கள். கடைச் சிப்பந்திகளும் லோடுமேன்களும் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். சோற்றில் யாரும் ஒரு குறை சொல்லவில்லை. அதை இப்போதும் சொல்வேன், அப்படி ஒரு சோறு அந்த மண்டபத்தில் அதுவரை வடித்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் மாப்பிள்ளை குதிரை மேல் வந்தார். பஸ்ஸெல்லாம் நின்று வழி விட்டது. வாசலில் இரண்டு வீட்டாரும் முறைக்கு முறை மாலை போட்டுக் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அப்பாவுக்கு அப்பா, சித்தப்பாவுக்குச் சித்தப்பா. மாமாவுக்கு மாமா என்று கூப்பிட்டபோது சென்னைக்காரர் சிவப்புத் தலைப்பாகையோடு முன்னால் போனார். மாப்பிள்ளையின் மாமன் அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் நின்ற ஆள் தெரிந்தவரா என்று திரும்பிப் பார்த்தேன். தெரியாதவர்.

கல்யாணம் முடிந்த மறுநாள் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக் கடைக்குப் போனேன். சேலைக் கடைக்குள் நான் தனியாக நுழைந்தது அதுதான் முதல் தடவை. விற்கிற பெண் ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே கேட்டாள்.

"யாருக்குங்க ஐயா? மருமகளுக்கா?"

"பொறந்தவளுக்கு," என்றேன்.

இந்த வயசு வரைக்கும் என் வாயிலிருந்து வராத வார்த்தை. அவளுக்கு அது சாதாரணம். "அவிய என்ன நெறமுங்க?" என்று கேட்டபடி அடுத்த சேலையை விரித்தாள். இருப்பதிலேயே நல்ல சிவப்பாக, ஜரிகை கனமாக எடுத்தேன். விலையைப் பற்றி நான் பேச மாட்டேன்.

சேட்டு வீட்டில் இன்னும் விருந்தாளிக் கூட்டம் குறையவில்லை. கூடத்தில் பெரிய சோபாவில் சென்னைக்காரர் உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் விட்டார்.

"நீங்கதானா சார் அந்த ரைஸு? சூப்பரா இருந்துச்சு சார்," என்றார். "பிசினஸ் பிசினஸ்னு நமக்கு எங்கயும் போக வர முடியல. இவங்களயே சின்ன வயசுல பாத்ததுதான். மேடையில திடீர்னு இழுத்து நிறுத்திட்டாங்க. இன்னா பண்றதுன்னே புரியல."

"நல்லா பண்ணுனீங்க," என்றேன்.

அம்மிணி தண்ணீர் கொண்டுவந்தாள். பையிலிருந்து சேலையை எடுத்து ஒரு மடிப்பைப் பிரித்தேன். எழுந்து நிற்க வேண்டுமா, அவளை நிற்கச் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. அவள் புரிந்துகொண்டாள். பிரித்த மடிப்பை இரண்டு கையாலும் பிடித்து மூடினாள்.

"இப்ப வேண்டாங்ணா. பாத் ஒரு தரந்தான்."

சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுவரோரம் வந்தவர்கள் கொடுத்த பெட்டிகளும் பைகளும் அடுக்கியிருந்தன. அதன் மேல் கொண்டுபோய் வைத்தாள். கீழே சரியாமல் ஒருமுறை தட்டி நேராக்கினாள். திரும்பி வந்து என் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி இருந்திருந்தா, 'பாத்துன்னா என்ன அம்மிணி'ன்னு அங்கயே கேட்டிருப்பாங்க."

"கேட்டிருப்பா," என்றேன்.

"நானும் வெவரமாச் சொல்லியிருக்கோணுமுங்ணா. உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். சென்னைக்காரருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவருக்குப் பொட்டு வைத்து, பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்ப வேண்டும். "இருங்ணா, வந்துர்றேன்," என்று எழுந்து போனாள். சோபாவிலிருந்து அவரும் எழுந்தார். கூடத்திலிருந்த எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தட்டு வந்தது. அவர் தலையைக் குனிந்தார்.

நான் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தேன். வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் என்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டேன். சேட்டு கேட்டருகில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ளயுங்களா? சாப்புட்டுப்போட்டுப் போலாமுங்ணா."

"ஆச்சுங்க," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.